டி கூட்டின் நாற்பத்திரண்டு மொனாக்குகள்

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், ஒக்டோபர் மாதத்து ஒரு திங்கட்கிழமை, என்னோடு வேலை செய்த அருள்தாஸ் வளர்த்த நாற்பத்திரண்டு வண்ணத்துப்பூச்சிகளுக்கு நோய் இருப்பதாக நான் பொய்யாகப் பதிந்தேன். அவற்றுக்கு நோய் இருக்கவில்லை. நோய் இருந்தது நான் வளர்த்த வலைக்கூட்டில். அவருடையவை அழிக்கப்பட்டன, என்னுடையவை தப்பின. இதைச் செய்ததற்குக் காரணம் பொறாமை. கொஞ்சம் கௌரவமான வேறு காரணம் ஏதாவது கிடைக்குமா என்று பல வருடம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

இந்தக் கட்டுரையை நம் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதுவது அருள்தாஸுக்குத் தெரியும். பெயரை மறைக்காமல் எழுத வேண்டும், தமிழில் எழுத வேண்டும் என்பது அவர் வீட்டார் விதித்த நிபந்தனை. கழுவாத கையால் பூச்சிகளைக் கொன்றவர் என்று அவரைப் பற்றி நம்மவர்கள் சொல்லித் திரிந்த கதை தமிழில்தான் பரவியது என்பதால் அது நியாயமான நிபந்தனை.

மேற்கு லண்டனில் ஒரு பூங்காவுக்குள் இருக்கும் வண்ணத்துப்பூச்சிக் கண்ணாடி வீட்டில் நான் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். அதற்கு முன் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் பட்டம் படித்தேன். அகதியாக இங்கே வந்து ஐந்து வருடம் பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்தேன். பிறகு பத்திரிகையில் விளம்பரம் பார்த்து, கண்ணாடி வீட்டில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் ஆளாகச் சேர்ந்தேன். இரண்டு வருடத்தில் வளர்ப்பறைக்குள் விட்டார்கள். படித்த படிப்புக்கு ஒரு கதவு திறந்த இடம் அதுதான் என்பதால், அந்த அறையை என் சொந்த அறை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மேலாளர் மிஸிஸ் பிரைஸ். உயரமான, மெல்லிய பெண்மணி. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது ஒன்றை உறுதியாகச் சொன்னால் மறுக்க மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “இன்னொருமுறை பார்ப்போமா?” என்பார். நீங்கள் சொன்னது தவறு என்பதை அவர் சொல்லும் விதம் அது. சொன்னது சரியாக இருந்தாலும் அதையேதான் சொல்வார். ஒருநாளும் என் பெயர் அவர் வாயில் வரவில்லை. கனகசபாபதி நீளம் என்பதால் ‘மிஸ்டர் கே’ ஆக்கிவிட்டார்.

கண்ணாடி வீட்டில் பல நாட்டு இனங்கள் இருந்தாலும், சனங்கள் தேடி வருவது மொனாக்கைத்தான். செம்மஞ்சள் இறகில் கறுப்பு நரம்பு ஓடும் அமெரிக்க வண்ணத்துப்பூச்சி. அதன் புழு எருக்கலைக் குடும்பத்துச் செடிகளை மட்டுமே தின்னும். அந்தச் செடிகளின் பால் நம் கண்ணுக்கு எரிவு, குருவிக்குக் கசப்பு, புழுவுக்கு அதுவே காவல். இலையுதிர் காலம் வந்தால் வட அமெரிக்காவிலிருந்து மெக்சிக்கோ மலைக்காடுகள் வரைக்கும் பறந்து போகும். போகும் வழியை முன்பு ஒருநாளும் கண்டிராத பூச்சி அது. வசந்தத்தில் பிறக்கும் மொனாக்கு ஒரு மாதமளவில் முட்டையிட்டுச் செத்துவிடும். இலையுதிர் காலத்தில் பிறப்பது இணை சேராது, முட்டையிடாது, மாதக்கணக்கில் உயிரோடிருந்து தெற்கே போகும். அவை தங்கும் காடுகளும் தின்னும் களைச்செடிகளும் அழிய அழிய இனம் குறைந்து வருவதால், நோயில்லாத வம்சம் ஒன்றைப் பேணுவதில் மிஸிஸ் பிரைஸ் மிகவும் கண்டிப்பாக இருந்தார்.

அந்த நோயைக் கொஞ்சம் விளக்கவேண்டும். மொனாக்குகளுக்கும் அவற்றின் உறவு இனங்களுக்கும் மட்டுமே வரும் ஓர் ஒட்டுண்ணி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதன் வித்திகள் தாய்ப் பூச்சியின் வயிற்றில் தூசியாக ஒட்டியிருக்கும். முட்டையிடும்போது முட்டையிலும் இலையிலும் உதிரும், புழு அதைத் தின்னும். வித்தி அதிகமென்றால் பூச்சி தன் கூட்டுப்புழு ஓட்டைவிட்டு முழுதாக வெளியே வராது. பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே, இறகு கசங்கிக் காய்ந்துவிடும். குறைவென்றால் அழகாக வெளியே வந்து, பறந்து, எல்லா இடமும் நோயை விதைக்கும்.

சோதனை திங்கட்கிழமைகளில் நடக்கும். அன்றைக்குப் பார்வையாளர் இல்லை. கையுறை போட்டு, பூச்சியின் நான்கு இறகையும் சேர்த்து மடக்கிப் பிடித்து, செலோடேப் துண்டு ஒன்றை வயிற்றுப்பக்கம் மெதுவாக ஒற்றி எடுக்கவேண்டும். அதை வெள்ளை அட்டையில் ஒட்டிக் கூட்டின் எழுத்தையும் பூச்சியின் எண்ணையும் எழுதவேண்டும். பிறகு நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும். செதில்கள் மரத்தோல் சீவல்போலப் பெரிதாகத் தெரியும். வித்தி இருந்தால் அவற்றுக்கிடையே மிளகுத்தூள் தூவியதுபோலச் சிறு கறுப்பு மணிகள் தெரியும். ஒரு கூட்டில் ஒன்றிரண்டு பூச்சிக்கு வித்தி மொய்த்திருந்தால் கூடு முழுவதையும் பிரீசரில் வைத்து அழிக்கவேண்டும். ஒரு கூட்டிலிருந்து இன்னொரு கூட்டுக்குப் போகுமுன் கையுறை மாற்றி, புழுக்களை எடுக்கும் சாவணத்தைப் பிளீச்சில் கழுவவேண்டும். கண்ணாடி வீட்டு ஈரத்தில் மை ஊறிவிடும் என்பதால் அட்டைகளில் பென்சிலால் மட்டுமே எழுதலாம் என்பது மிஸிஸ் பிரைஸின் விதி.

அருள்தாஸை அங்கே கொண்டுவந்தவன் நான்தான். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், என்னைவிடப் பத்து வயது இளையவர். சவுத்தாலில் ஒரு கடைக்குப் பின்னால் மரக்கறிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். தோட்ட வேலைக்கு ஆள் தேவை என்றபோது அவர் பெயரைச் சொன்னேன். பத்தாம் வகுப்போடு நின்றவர் என்பது எனக்குத் தெரியும். அது அந்தச் சிபாரிசை இலகுவாக்கியது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

அவர் பார்க்கிற ஆள். மற்றவர்கள் செடியைத் தாண்டிப் போகும்போது அவர் நின்று பார்ப்பார். ஒரு வருடத்துக்குள் மிஸிஸ் பிரைஸ் அவரையும் வளர்ப்பறைக்கு எடுத்தார். ளகரம் மட்டும் கொஞ்சம் வழுக்கினாலும், ‘அருள்தாஸ்’ என்ற பெயரை முழுதாக, ஒரு தமிழரைப் போலவே சொன்னார். முதல்முறை அதைக் கேட்டபோது என் நெஞ்சுக்குள் ஏதோ கீறியது. தேநீர் நேரத்தில் மிஸிஸ் பிரைஸ் அருளுக்கு எதிரே கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். என்னிடம் கேள்வி கேட்டால் விடை தெரிந்துகொண்டு கேட்பார். அருளிடம் கேட்கும்போது விடை தெரியாமல் கேட்டார். இந்த வித்தியாசம் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் ஆவணி முடிவில் அருள் ஒரு காரியம் செய்தார். கண்ணாடி வீடு வருடம் முழுதும் சூடு, மாலையானால் விளக்கு. அதனால் எங்கள் மொனாக்குகளுக்கு இலையுதிர் காலம் என்று ஒன்று வருவதேயில்லை. அவர் ஒரு தொகுதிப் புழுக்களைப் பின்பக்கத்துக் குளிர் அறையில், விளக்கில்லாமல், யன்னல் வெளிச்சத்தில் மட்டும் வளர்த்தார். நாள் குறுகுவது அவற்றுக்குத் தெரியட்டும் என்பது எண்ணம். அதுதான் டி கூடு. நாற்பத்திரண்டு பூச்சிகள் வெளியே வந்தன. இணை சேரவில்லை, முட்டையிடவில்லை. முற்றத்தில் கூட்டை வைத்தபோது, காலையில் சூரியன் கிழக்கே நின்றபோதும் மாலையில் மேற்கே போனபோதும், தெற்குப் பக்கத்து வலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றன.

“அவை வெளிச்சத்தை நோக்கிப் போகின்றன, அவ்வளவுதான்” என்று நான் சொன்னேன்.

மிஸிஸ் பிரைஸ் கண்ணாடியைத் துடைத்தார். இன்னொருமுறை பார்க்கச் சொன்னார். அருள் என்னிடம் வந்து, “அண்ணை, உங்கட பி கூட்டை ஒருக்கா எடுக்கட்டோ? பக்கத்தில வைச்சுப் பாப்பம்” என்று கேட்டார். என் கூட்டுப் பூச்சிகள் சூட்டில் வளர்ந்தவை. அவை நாலு பக்கமும் பறந்து திரிந்தன. பக்கத்திலிருந்த டி கூட்டில் நாற்பத்திரண்டும் தெற்கே. லண்டனில் ஒரு முற்றத்தில், கடலைக் கண்டிராத பூச்சிகள் மெக்சிக்கோவுக்கு வெளிக்கிட்டு நின்றன. மிஸிஸ் பிரைஸ் கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். என் எந்த வேலைக்கும் அவர் அப்படி நின்றதில்லை. விலங்கியல் படித்தவன் நான். அந்த முற்றமும் யன்னலும் எட்டு வருடமாக என் கண்முன் இருந்தன.

அடுத்த மாதம் வெளியிலிருந்து அறிஞர்கள் சிலரை வரவழைத்து டி கூட்டைக் காட்டுவது என்று முடிவாயிற்று. அதே நேரம் தலைமைப் பராமரிப்பாளர் ஓய்வு பெறவிருந்தார். அந்த இடம் எனக்கு என்று வீட்டிலும் வெளியிலும் சொல்லி வைத்திருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை மிஸிஸ் பிரைஸ் விடுமுறையில் இருந்தார். வழக்கமாக ஒருவர் எடுத்த அட்டையை இன்னொருவர் வாசிப்பார். அன்று நான் பி கூட்டையும் அருள் டி கூட்டையும் ஒற்றி எடுத்தோம். இரண்டையும் வாசிக்க நான் உட்கார்ந்தேன், அவர் செடி வெட்டப் போனார். டி அட்டைகள் எல்லாம் சுத்தம். பிறகு பி ஏழை வைத்தேன். மிளகு கொட்டிக் கிடந்தது. பி பதினொன்றிலும் அப்படியே. இரண்டு கிழமைக்கு முன் சாவணத்தைக் கழுவாமல் வேறு இனத்துக் கூட்டிலிருந்து நேரே என் கூட்டுக்குப் போனது நினைவுக்கு வந்தது. அந்தக் கூட்டில் இருந்தது வெளியிலிருந்து புதிதாக வந்த, மொனாக்கின் உறவு இனம். அவசரத்தில் செய்த தவறு. அதைச் சொல்லியிருந்தால் ஒரு கூடு போயிருக்கும், ஒரு பேச்சு விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

மேசையில் அழிறப்பர் இருந்தது. பி ஏழை டி ஏழாக்கினேன், டி ஏழை பி ஏழாக்கினேன். பதினொன்றையும் அப்படியே மாற்றினேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. பிறகு அருளைக் கூப்பிட்டேன்.

அவர் நெடுநேரம் பார்த்தார். கண்ணை எடுக்காமலே கேட்டார்: “அண்ணை, இது என்ரையோ?”

“டி எண்டுதானே எழுதிக் கிடக்கு.”

“நான் கை கழுவினனான் அண்ணை. ஒவ்வொருக்காவும் கழுவினனான்.”

விதி என்ன என்று மட்டும் கேட்டேன். அவரே சொன்னார். அவரே செய்தார். ஒவ்வொன்றாகப் பிடித்து, இறகை மடித்து, மெல்லிய கடதாசி உறையில் போட்டு, உறையில் எண் எழுதிப் பெட்டியில் அடுக்கினார். நாற்பத்திரண்டாவது உறையை மூடியபின் கொஞ்ச நேரம் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதைப் பிரீசரில் வைத்தார். நான் கணக்குப் புத்தகம் எழுதுவதுபோலப் பாவனை செய்தேன். மூன்றாம் நாள் குப்பை வண்டியோடு பெட்டி எரிகிடங்குக்குப் போகும்படி பார்த்துக்கொண்டேன்.

மிஸிஸ் பிரைஸ் திரும்பி வந்து அட்டைகளைப் பார்த்தார். பூச்சி ஒன்றையாவது வைத்திருந்தீர்களா என்று கேட்டார். எல்லாவற்றையும் அழிப்பதுதான் விதி என்றேன். கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் இன்னொருமுறை பார்ப்போமா என்று அவர் கேட்கவில்லை. பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

என் கூட்டில் அந்த இரண்டு பூச்சியை மட்டும் இரகசியமாகக் கொன்றேன். மீதிக்கு ஒன்றும் இராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவற்றின் முட்டைகள் வேறு இரண்டு ஊர்க் கண்ணாடி வீடுகளுக்கும் போயின. பங்குனியில் கூட்டுப்புழுக்கள் கறுத்தன. காலையில் கதவைத் திறந்தால் பாதி வெளியே வந்து தொங்கியபடி கால்களை அசைத்துக்கொண்டிருக்கும் பூச்சிகள். மூன்று இடத்திலும் மொனாக்கு முழுவதையும் அழித்தார்கள். டி கூட்டிலிருந்து அருளின் கையால் மற்றக் கூடுகளுக்குப் பரவியது என்று அறிக்கை எழுதினேன். அருளைத் திரும்பத் தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள். சித்திரையில் அவர் தானாகவே விலகினார். கடைசி நாள் என்னிடம் வந்து, “உங்கட சொல்லிலதான் என்னை எடுத்தவை. உங்களுக்கும் கெட்ட பேர் வாங்கித் தந்திட்டன். குறை நினையாதேங்கோ அண்ணை” என்றார்.

குறை நினைக்கவில்லை என்று சொன்னேன்.

தலைமைப் பதவி எனக்கு வந்தது. அருளின் முற்றத்துச் சோதனையை நான் அவர் செய்தபடியே பிறகு செய்தேன். புதிதாகத் தருவித்த மொனாக்குகளும் அதே போலத் தெற்கே நின்றன. பாடசாலைப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது “இங்கே ஒருவர் கண்டார்” என்று சொல்லத் தொடங்கினேன். பிறகு “நாங்கள் கண்டோம்” ஆயிற்று. ஓய்வு பெறும்போது “நான் கண்டேன்” என்று வாசல் பலகையில் என் படத்தோடு இருந்தது.

போன வருடம் இப்போதைய பொறுப்பாளர் துளசி தொலைபேசியில் கூப்பிட்டாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பாள். இப்போது அட்டைகளைக் கணினியே படம் பிடித்து வாசிக்கிறதாம், பழைய வேலைமுறைபற்றி ஒரு கட்டுரை வேண்டுமாம். “அங்கிள், அந்த சவுத் விஷயம் நீங்க முதல்முதல் எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க, அதைக் கட்டாயம் எழுதுங்கோ” என்றாள். மேசையில் உட்கார்ந்து ‘அன்று காலை நான்’ என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அடுத்த நாள் கிங்ஸ்பரியிலிருந்து பஸ் எடுத்து ரெய்னர்ஸ் லேனுக்கு, அருள்தாஸ் வீட்டுக்குப் போனேன்.

அவருக்கும் தலை நரைத்துவிட்டது. விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கி, முதுகு நோவால் முன்னமே ஓய்வு எடுத்தவர். மனைவி மேரி தேநீர் கொண்டுவந்து வைத்தார். தேநீரைத் தொடுமுன் எல்லாவற்றையும் சொன்னேன். அழிறப்பரைச் சொன்னேன், சாவணத்தைச் சொன்னேன், வாசல் பலகையைச் சொன்னேன்.

அருள் கேட்டது ஒன்றுதான். “அப்ப அதுகளுக்கு நோய் வருத்தம் இல்லை?”

“இல்லை.”

“நாப்பத்திரண்டுக்குமோ?”

“ஓம். ஒண்டுக்கும் இல்லை.”

அவர் எழுந்து பின்வளவுக்குப் போய்விட்டார். யன்னலால் பார்த்தேன், வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேரி என் முன்னால் இருந்தார்.

“தன்ரை கையாலதான் மூண்டு ஊர்ப் பூச்சியும் செத்ததெண்டு இவர் கோயில்ல பாவசங்கீர்த்தனம் செய்தவர், அண்ணை. ஒருக்கா இல்லை. ஒவ்வொரு தவக்காலமும். பங்குச் சுவாமியே சிரிச்சுப்போட்டுப் போதும் அருள் எண்டு சொன்னவர். நீங்கள் செய்த பாவத்தை இவர் இருபது வருசம் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறார்.”

மன்னிப்புக் கேட்டேன். அதை என்னிடம் கேட்கவேண்டாம் என்றார் மேரி. பின்வளவுக்கும் போகவேண்டாம் என்றார். வாசலில் செருப்பைப் போடும்போது, எழுதுவதென்றால் பேரோடு எழுதுங்கோ, எங்கட சனம் வாசிக்கிற இடத்தில எழுதுங்கோ என்றார்.

துளசியிடம் போய்ச் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில், இதற்கெல்லாம் என்ன படிவம் இருக்கிறதென்றே தெரியவில்லை என்றாள். பலகையைக் கழற்றினார்கள். அருள்தாஸ் பெயரில் வேறு பலகை வைத்தார்கள். அறிக்கையோடு என் திருத்தத்தையும் கோத்தார்கள். மற்ற இரண்டு கண்ணாடி வீடுகளுக்கும் கடிதம் எழுதினேன். ஒன்று பதில் போட்டது, சுருக்கமாகவும் கோபமாகவும். முதியோர் இல்லத்திலிருந்த மிஸிஸ் பிரைஸுக்கும் எழுதினேன். நடுங்கிய எழுத்தில் மூன்று வரி வந்தது. அட்டைகளில் அழித்த தடம் தெரிந்ததென்றும், கேட்டிருக்க வேண்டுமென்றும், கேளாதது தன் பிழையென்றும் எழுதியிருந்தார். நான்கு மாதத்தில் அவர் காலமானார். கடிதத்தில் என்னை மிஸ்டர் கனகசபாபதி என்று விளித்திருந்தார்.

துளசி அருளை அழைத்தாள். முதலில் மறுத்தார். பிறகு, “அவர் நிக்கிற நாளில நான் வரமாட்டன்” என்ற நிபந்தனையோடு செவ்வாய்க்கிழமைகளில் தொண்டராகப் போகத் தொடங்கினார். நான் வியாழக்கிழமைகளில் நுழைவுச் சீட்டு எடுத்துப் போவேன்.

வியாழன் தோறும் அங்கே அருளின் பேச்சாகவே இருந்தது. மொனாக்குகள் மாலையில் ஒரே கிளையில் வந்து அடைகின்றன என்று அவர் கண்டாராம். அந்தக் கிளைக்கு நேரே இருந்த நடைபாதை விளக்கை இடம் மாற்றச் சொன்னாராம். மாற்றிய பிறகு கலையாமல் அடைகின்றனவாம். இருபத்தாறு வருடம் நான் அந்தக் கிளைக்குக் கீழே நடந்தவன். துளசி அதைச் சந்தோஷமாகச் சொல்லச் சொல்ல அதே பழைய கீறல் அதே இடத்தில் கீறியது. வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகு அது போய்விடும் என்று நினைத்திருந்தேன். எழுபத்தைந்து வயதில், பஸ்ஸில் மேல்தட்டில் உட்கார்ந்து, அந்தக் கிளையை நானும் ஒருநாள் கண்டிருப்பேன் என்று எனக்குள் வாதாடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மாசியில் துளசி ஒரு படிவம் அனுப்பினாள். அருளுக்கு வளர்ப்பறைக் கதவுத் திறப்பைக் கொடுத்துக் கிழமையில் நாலு நாள் வேலையாகவே எடுக்க விரும்புகிறார்கள். அதற்கு அவரோடு முன்பு வளர்ப்பறையில் வேலை செய்த ஒருவரின் சான்று தேவை. மிஸிஸ் பிரைஸ் இல்லை. மிஞ்சியவன் நான் ஒருவன்தான். வேறு வழியிருந்தால் உங்களைக் கேட்டிருக்க மாட்டேன் என்று அவள் மறைக்காமல் எழுதியிருந்தாள்.

நோய்த்தடுப்பு விதிகளை இவர் ஒழுங்காகக் கடைப்பிடிப்பவரா என்று ஒரு கேள்வி. விடைக்கு நாலு வரி இடம். படிவம் இரண்டு நாள் மேசையில் கிடந்தது. கொஞ்சம் தணிவாக எழுதினாலே போதும், பொய்கூட வேண்டாம், ‘எனக்குத் தெரிந்தவரை’ என்று தொடங்கினால் போதும், அவர்கள் தயங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் எழுதினேன். அருள்தாஸ் ஒவ்வொரு கூட்டுக்கும் கை கழுவியவர், கழுவாதவன் நான், அந்த அறையில் நான் கண்ட பராமரிப்பாளர்களில் அவரே சிறந்தவர். நாலு வரி காணாமல் பின்பக்கத்திலும் எழுதினேன். எழுதும்போது மனம் கனியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதினேன். தபாலில் போட்டேன்.

வேலை கிடைத்துவிட்டது. செவ்வாயிலிருந்து வெள்ளிவரை அருள் அங்கே நிற்கிறார். திங்கள் பூட்டு. சனிக்கிழமை முன்பதிவு செய்த குழுக்களுக்கு ஒதுக்கியது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கிறது. அன்றைக்குச் சனம் அதிகம். மொனாக்குகள் இருக்கும் பக்கத்துக்குப் போகக் கயிறு கட்டி வரிசை விட்டிருப்பார்கள், அரை மணித்தியாலம் நிற்கவேண்டும். நிற்கிறேன்.